வீட்டுக்கு இரண்டு விளக்கு

12.06.1962, செவ்வாய்

இரவுச் சோற்றில் மறுபடி கல். இந்த முறை கடைவாய்ப் பல்லில் ஒரு ஓரம் போய்விட்டது. நாக்கு அந்த இடத்தையே தடவிக்கொண்டிருக்கிறது. கைறுன்னிஸாவைப் பார்த்து, "உனக்குக் கண் இல்லையா புள்ள?" என்று கேட்டுவிட்டேன். அவள் ஒன்றும் பேசாமல் குழம்புச் சட்டியை என் பக்கம் நகர்த்தி வைத்தாள். பத்தொன்பது வருஷக் குடித்தனத்தில் அவள் கத்தியதற்கு நான் பயந்ததில்லை. பேசாமல் இருந்தால்தான் பயம்.

பகலில் கடையில் மிளகு வாங்க ஆள் வந்தது. கொக்கோ விலை இறங்கிக்கிடக்கிறது. நான் கிராம சபைக்கு சேர்மனாகி இன்றோடு மூன்று மாதம். தேர்தலில் ஒலிபெருக்கியைக் கையில் தந்ததும் வாய் நீண்டு, "அடுத்த நோன்புக்குள் நம் தொடங்கொல்லைக்குக் கரண்ட்" என்று சொல்லிவிட்டேன். இப்போது பள்ளிவாசலில் செருப்பைக் கழற்றும்போதே கேட்கிறார்கள், எங்கே சேர்மன் கரண்ட் என்று. எனக்குத் தெரிந்தால் சொல்ல மாட்டேனா?

14.06.1962, வியாழன்

இராமையாவோடு மலை ஏறி, மூடிக்கிடக்கும் தேயிலை ஃபெக்டரிக்குப் போய் வந்தேன். முழங்கால் இரண்டும் என்னோடு பேசவில்லை.

இராமையா அந்த ஃபெக்டரியில் முப்பது வருஷம் எஞ்சின் டிரைவராக இருந்தவர். ஆற்றுத் தண்ணீர் குழாயில் இறங்கி, ஒரு இரும்புச் சக்கரத்தில் மோதி, அது டைனமோவைச் சுழற்றி, அதில்தான் ஃபெக்டரி ஓடியது. ஃபெக்டரி மூடி நாலு வருஷம். சக்கரம் துருப்பிடித்துப் போயிருக்கும் என்று நினைத்தேன். அவர் சாக்கை விலக்கி ஒரு விரலால் தள்ளினார். சுற்றியது. நிற்கவே இல்லை.

"மாசத்துக்கு ஒருக்கா வந்து கிரீஸ் போட்டுட்டுப் போவேங்க," என்றார்.

"யார் சொன்னது?"

"யாரும் சொல்லல. சும்மா கெடக்குறதப் பாக்க மனசு கேக்கல."

அவர் கணக்குப்படி ஆற்றை நம் ஊர்ப் பக்கம் ஒரு வாய்க்காலில் திருப்பி இறக்கினால் இருநூற்றைம்பது பல்பு எரியும். அதற்கு மேல் ஒன்று போட்டாலும் எல்லாமே மங்கும். இறங்கிய தண்ணீர் வயலுக்கு மேலேயே ஆற்றில் சேர்ந்துவிடும் என்பதால் கீழே விதைக்கிறவர்களுக்கு ஒரு சொட்டும் குறையாது.

தோட்டத்துத் துரை செப்டம்பர் முப்பது வரை தவணை தந்திருக்கிறார். அதற்குள் சபை காசு கட்டாவிட்டால் சக்கரம் வேறு ஆளுக்கு. வேறு ஆள் யார் என்று கேட்டேன். கலந்தர் மச்சான்.

17.06.1962, ஞாயிறு

கலந்தர் மச்சான் பகல் சாப்பாட்டுக்கு வந்தார். கைறுன்னிஸாவோடு கூடப்பிறந்த மூத்தவர், சொந்த நானா. கீழ்த்தெரு நெல் மில் அவருடையது. ஊரிலேயே ஒரேயொரு லொறியும் அவருடையது. சக்கரத்தை வாங்கி மில்லில் வைத்து, ஊருக்குக் கரண்ட் விற்கப்போகிறாராம்.

"எல்லாருக்கும் சொந்தம், எல்லாருக்கும் சொந்தம்னு சொல்றீங்க மச்சான். பழுதாப் போனா எல்லாருமா வந்து பாப்பாங்க? என்னோடதுன்னா நான் பாப்பேன்."

"காசு கட்ட ஏலாதவன்?"

"அவன் இப்ப எப்பிடி இருக்கான்? அப்பிடியே இருப்பான்."

"ஆத்துத் தண்ணி யாருடையது?" என்று கேட்டேன். என்னை நானே மெச்சிக்கொண்டுதான் கேட்டேன்.

"தண்ணி அல்லாஹ்வுடையது. சக்கரம் வாங்குறவனுடையது," என்று சொல்லிவிட்டு இன்னொரு துண்டு இறைச்சியை எடுத்தார்.

பதில் எனக்கு அசர் தொழுகைக்குப் பிறகுதான் தோன்றியது. அதற்குள் அவர் போய்விட்டார்.

02.07.1962, திங்கள்

மாத்தளைக்குப் போய் வந்தேன். உள்ளூராட்சி ஆபீசில் காலை ஒன்பதுக்கு உட்கார்ந்தேன், இரண்டரைக்குக் கூப்பிட்டார்கள். அந்த ஐயா நல்ல மனுஷன், ஆனால் ஒரு வசனத்தை மூன்று தரம் சொல்கிறவர். சக்கரம் வாங்கவும் வயருக்கும் அரசாங்கம் காசு தரும். ஊர் தன் பங்காக எழுநூறு யார், அதாவது எழுநூறு கெஜம், நீள வாய்க்காலைக் கூலியில்லாமல் சிரமதானத்தில் வெட்ட வேண்டும். வெட்டி முடிந்ததை அவர் கண்ணால் பார்த்த பிறகுதான் காசு. விளக்கு கிராம சபைக்குச் சொந்தமாக இருக்கும், தனி ஆளுக்கு விற்கக் கூடாது.

ஊரில் வீடு நூற்றுப் பன்னிரண்டு. வீட்டுக்கு இரண்டு விளக்கு. மிச்சம் இருபத்தாறில் பள்ளிவாசல், புத்த பன்சலை, கோயில், ஸ்கூல், ரோட்டுக் கம்பங்கள். கணக்கு கச்சிதம். முத்துமாரியம்மன் கோயிலடியில் பஸ்ஸுக்கு நிற்கும்போது சிரித்துக்கொண்டு நின்றிருக்கிறேன் போல. ஒரு பொம்பிளை பிள்ளையை இழுத்து அந்தப் பக்கம் வைத்துக்கொண்டாள்.

20.07.1962, வெள்ளி

ஜும்ஆ முடிந்ததும் பள்ளிவாசல் முற்றத்தில் மேசை போட்டு, கிளாக்கர் நடராஜாவும் நானும் விளக்குப் பட்டியல் எழுதினோம். யார் வீட்டில் எந்த இடத்துக்குப் பல்பு வேண்டும் என்று. வரிசையில் நின்று சொன்னார்கள். கேட்கவே தேவையிருக்கவில்லை, எல்லோருக்கும் ஒரே பதில்: ஒன்று விறாந்தைக்கு, ஒன்று முன் ஹோலுக்கு. நடராஜா கடைசியில் 'மேற்படி, மேற்படி' என்று எழுதிக்கொண்டே போனார். பின்னேரம் பன்சலைப் பக்கம் முதியான்சேயும் அதே மாதிரி எழுதிக் கொண்டுவந்தார். அவர் சபையில் என் வலது கை. கீழ்வயல் சிங்களவர்.

ஒரே நாளில் நூற்றுப் பன்னிரண்டு வீடும் முடிந்தது. என் வேலையில் இவ்வளவு சுலபமாக எதுவும் நடந்ததில்லை. அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். (இந்தக் கடைசி வரியைச் செப்டம்பரில் சேர்த்தேன்.)

05.08.1962, ஞாயிறு

சிரமதானம் தொடங்கியது. எண்பத்தேழு பேர். காலை லெப்பை துஆ ஓதினார், பன்சலைப் பிக்கு ஹாமுதுரு பிரித் ஓதினார், இராமையா யாருக்கும் தெரியாமல் ஒரு தேங்காய் உடைத்தார். பிறகு மண்வெட்டி.

பகலுக்குச் சோறு வந்தது. நம் வீடுகளில் பொம்பிளைகள் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைத் தனிப் பானையில் போட்டு வைப்பார்கள். வெள்ளிக்கிழமை அது பள்ளிவாசலுக்குப் போகும். இந்த இரண்டு மாதமும் அந்தப் பிடியரிசி வாய்க்கால் வெட்டுகிறவர்களுக்கு என்று அவர்களே தீர்மானித்திருக்கிறார்கள். சிங்கள வீடுகளில் இருந்து மரவள்ளியும் தேங்காய்ச் சம்பலும். நான் இரண்டையும் சாப்பிட்டேன். எண்பது யார் வெட்டியாயிற்று. கையில் கொப்புளம் நாலு.

12.08.1962, ஞாயிறு

இன்னும் தொண்ணூறு யார். இப்படியே போனால் தவணைக்கு முதலே முடியும்.

விளக்குப் பட்டியலை ஊர் பார்க்கட்டும் என்று வியாழனன்றே சங்கக் கடைச் சுவரில் ஒட்டினோம். மகள் மஸீனா ஸ்கூல் விட்டு வரும்போது அதை முழுக்கக் கொப்பியில் எழுதிக்கொண்டு வந்து உம்மாவிடம் வாசித்துக் காட்டினாளாம். எவ்வளவு ஆர்வம் பாருங்கள். எனக்குப் பெருமையாக இருந்தது.

19.08.1962, ஞாயிறு

சோறு வரவில்லை.

ஒரு மணிக்குப் பார்த்தோம், ஒன்றரைக்குப் பார்த்தோம். இரண்டுக்கு எல்லோரும் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கிவிட்டார்கள். ஊருக்குள் நுழைந்தால் ஒவ்வொரு வீட்டு விறாந்தையிலும் பிடியரிசிப் பானை கவிழ்த்து வைத்திருக்கிறது. சரியாக, பல்பு வரப்போகும் இடத்துக்கு நேர் கீழே. என் வீட்டிலும்.

"இதென்ன?" என்று கேட்டேன்.

"பட்டியலப் பாத்தோம்," என்றாள் கைறுன்னிஸா. "நூத்திப் பன்னெண்டு வீடு. சோறாக்குற குசினி ஒண்ணுக்கும் வெளக்கு இல்ல. குசினிக்கு வெளக்கு இல்லன்னா, வாய்க்காலுக்குக் குசினியும் இல்ல."

பீலிக்கரையில் குளிக்கும்போது பேசி முடிவெடுத்திருக்கிறார்கள். சிங்களப் பொம்பிளைகளும் சேர்ந்துதான். இராமையா பெண்சாதி பாலாமணி வரைக்கும். ஒரு வாரம் தினமும் பேசியிருக்கிறார்கள். எந்த ஆம்பிளைக்கும் ஒரு வார்த்தை தெரியவில்லை.

20.08.1962, திங்கள்

சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்டேன். எழுதினால் ஆறுமா தெரியவில்லை, எழுதுகிறேன்.

காலையில் கலந்தர் மச்சானுடைய லொறி மலைப்பக்கம் போனதைப் பார்த்தேன். துரையைப் பார்க்கத்தான் போகிறார், வேறென்ன? தலைக்குள் ஏதோ அறுந்துபோனது. வீட்டுக்கு வந்து, "ஒன் நானாவுக்காகத்தானே இதெல்லாம் செய்ற? சக்கரம் அவருக்குப் போகணும், நான் ஊர் முன்னால நாறணும், அதானே?" என்று கேட்டேன். மஸீனா முன்னாலேயே.

அவள் மிளகுப் பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தாள். "என் நானா குசினிக்கு வெளக்குத் தருவாருன்னா நெனக்கிறீங்க? அவரும் ஆம்பளதான். அவரு சக்கரம்னா கெஞ்சணும். சபைச் சக்கரம்னா கேக்கலாம். அதுக்குத்தான் ஒங்களுக்கு வோட்டுப் போட்டேன்."

ஒரேயொரு வோட்டில் ஜெயித்தவன் நான். அந்த ஒன்று யாருடையது என்று இதுவரை யோசித்ததே இல்லை.

21.08.1962

வீட்டில் பேச்சு இல்லை. மஸீனாவும் உம்மா பக்கம்.

26.08.1962, ஞாயிறு

ஆம்பிளைகளே சமைப்பது என்று முடிவு. அண்டாவை ஆற்றங்கரைக்குக் கொண்டுபோனோம். சபையில் இருக்கும் மர்சூக், கல்யாணச் சாப்பாடு சமைத்த அனுபவம் தனக்கு இருக்கிறது என்றார். அந்தக் கல்யாணத்தில் அவர் விறகு பிளந்தவர் என்பது பிறகுதான் தெரிந்தது. சோறு அடியில் கரி, நடுவில் அரிசி, மேலே கஞ்சி. பருப்பில் உப்பு இரண்டு தரம் விழுந்திருக்கிறது, போட்ட இரண்டு பேரும் ஒத்துக்கொள்ளவில்லை. சமைக்கவே முப்பது பேர் தேவைப்பட்டதால் வெட்டியது பதினொரு யார்.

அடுத்த ஞாயிறு வர ஏலாது என்று இன்றே நாற்பது பேர் சொல்லிவிட்டார்கள். ஒருவனுக்குக் கலேவெலையில் மாமியார் வீடு, ஒருவனுக்கு நாவுலையில் மரவள்ளித் தோட்டம். ஊரில் இத்தனை பேருக்கு வெளியூரில் இத்தனை அலுவல் இருப்பது எனக்குத் தெரியாது.

போன ஞாயிறு காலையில் வெட்டிய நாற்பதையும் சேர்த்துக் கழித்தால் இன்னும் நானூற்று எழுபத்தொன்பது யார் இருக்கிறது. நாலே ஞாயிறு. நடக்காது. சக்கரம் போய்விடும். அந்த மனுஷன் நாலு வருஷம் கிரீஸ் போட்டுக் காத்த சக்கரம்.

30.08.1962, வியாழன்

மஃரிபு தொழுதுவிட்டு வந்தால் அடுப்பு பற்றவில்லை. கைறுன்னிஸா சுளகில் அரிசியைக் கொட்டி என் முன்னால் வைத்தாள். பத்து நாளில் முதல் பேச்சு: "பொறுக்கித் தாங்க, சமைக்கிறேன்."

குசினிக்குள் போய்ப் பலகையில் உட்கார்ந்தேன். இந்த நேரத்தில் நான் அங்கே உட்கார்ந்தது இதுதான் முதல் தடவை. இருப்பது ஒரு குப்பி லாம்பு. கிட்டே வைத்தால் புகை கண்ணுக்குள் போகிறது. தள்ளி வைத்தால் கல்லும் அரிசியும் ஒரே நிறம். குனிந்தால் என் தலை நிழல் சுளகு முழுக்க விழுகிறது. சட்டைக் கை நெருப்பில் பட்டு ஓட்டை விழுந்தது. பகலில் பொறுக்கினால் என்ன என்று கேட்க வாயெடுத்தேன். பகல் முழுக்க என் மிளகையும் கொக்கோவையும் உலர்த்துவது யார் என்பது ஞாபகம் வந்து வாயை மூடிக்கொண்டேன்.

அரை மணி நேரம் பொறுக்கினேன். அவள் அரிக்கன் சட்டியில் அரித்து உலையில் போட்டாள். நானே பொறுக்கிய சோற்றில் மூன்று கல். ஒவ்வொன்றாகக் கடித்து ஒவ்வொன்றாக விழுங்கினேன். துப்பினால் சத்தம் கேட்கும்.

வெட்கமாக இருக்கிறது. ஊருக்கு வெளிச்சம் கொண்டுவரப் புறப்பட்டவன் வீட்டில் எது இருட்டு என்றுகூடப் பார்க்கவில்லை.

31.08.1962, வெள்ளி

சபைக் கூட்டம். ஒன்பது பேரும் வந்தார்கள். பட்டியலைக் கிழித்துவிட்டு ஒரு விதி கொண்டுவந்தேன்: வீட்டுக்கு இரண்டு விளக்கு. ஒன்று கட்டாயம் குசினியில். மற்றது வீட்டார் விருப்பம்.

மர்சூக் எழுந்து நின்றே பேசினார். "விருந்தாளி வந்தா இருட்டுலயா உக்காருவான்? குசினிக்குள்ள எரியுறது ரோட்டுல போறவனுக்குத் தெரியுமா?"

"விருந்தாளிக்குக் கல்லுச் சோறு குடுக்கிறதுக்கு இருட்டே நல்லம்," என்றேன்.

பெரிய சத்தம். ஒரு ஆள் வீட்டை ஆளத் தெரியாதவன் ஊரை ஆளுகிறான் என்றார். ஆமாம் என்று ஒத்துக்கொண்டேன், அவர் உட்கார்ந்துவிட்டார். அப்போது முதியான்சே கதிரையில் இருந்தபடியே, "நம்ம வீட்டிலயும் பானை கவுந்துதான் கெடக்கு சேர்மன் மாத்தயா. பன்னெண்டு நாளா நான் கடைப் பாண் ரொட்டிதான் சாப்புடுறேன்," என்றார். சிரிப்பில் கூட்டம் இளகியது.

ஐந்துக்கு நாலு. என்னுடைய எல்லாமே ஒரு வோட்டில்தான் நடக்கும் போல.

கதவைத் திறந்தால் வெளியே மாமரத்தடியில் நாற்பது ஐம்பது பொம்பிளைகள். முக்காட்டுக்காரர்களும் ஒசரிச் சேலைக்காரர்களும். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. ஜன்னல் திறந்துதானே இருந்தது.

02.09.1962, ஞாயிறு

சோறு, பருப்பு, கருவாட்டுக் குழம்பு, பெருநாளுக்குச் செய்கிற இனிப்பு வட்டிலப்பம். சிரமதானத்தில் வட்டிலப்பம் போட்ட ஊர் இலங்கையில் வேறு இருக்குமா? கலேவெலைக்கும் நாவுலைக்கும் போகவிருந்த நாற்பது பேருக்கும் அலுவல் முடிந்துவிட்டதாம். நூற்றுப் பதினாறு பேர். பின்னேரம் பொம்பிளைகளும் கூடையோடு வந்து மண் அள்ளினார்கள். நூற்று நாற்பது யார்.

23.09.1962, ஞாயிறு

முடிந்தது. இராமையா பலகையைத் தூக்கினார், தண்ணீர் எழுநூறு யார் தூரமும் நடந்து வந்தது. பிள்ளைகள் அதோடு கூடவே ஓடினார்கள். நானும் கொஞ்சத் தூரம் ஓடினேன்.

27.09.1962, வியாழன்

மாத்தளை ஐயா வந்து வாய்க்காலைத் தொடக்கத்தில் இருந்து கடைசிவரை நடந்து பார்த்தார். "நல்லா இருக்கு. நல்லா இருக்கு. நல்லா இருக்கு." கையெழுத்து வைத்தார்.

29.09.1962, சனி

துரையிடம் காசைக் கட்டி, சீட்டை வாங்கிச் சட்டைப்பைக்குள் வைத்து மூன்று தரம் தடவிப் பார்த்தேன். சபையின் சக்கரம். சரி, மலையில் இருந்து எப்படி இறக்குவது? மாட்டு வண்டி தாங்காது என்று இராமையா தலையை ஆட்டினார்.

அப்போது லொறி ஏறி வந்தது. கலந்தர் மச்சான் முன் சீட்டில் இருந்தார். சண்டைக்குத்தான் வருகிறார் என்று நினைத்தேன். இறங்கினார், சக்கரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ஏத்துங்க," என்றார்.

"என்ன மச்சான், திடீர்னு?"

"ஒங்க மதினி ஆறு கிழமையா பானையக் கவுத்து வச்சிருக்கா. ஊருல எல்லாரும் நிமித்திட்டாங்க. சேர்மனுக்கு ஒதவி செஞ்சாத்தான் நிமித்துவேங்கிறா. நான் என்ன செய்ய?"

மச்சான் பெண்சாதி பீபி மதினி இப்படிச் செய்வார் என்று யார் நினைத்தது. அவர் சத்தமாகத் தும்மியதைக்கூட நான் கேட்டதில்லை.

இருபது பேர் சேர்ந்து ஏற்றினோம். வளைவுகளில் மச்சானே இறங்கி நடந்து டிரைவருக்குக் கை காட்டினார். ஒரு இடத்தில் என் தோளைப் பிடித்து, "பழுதாப் போனா யாரு பாக்குறது, அத மட்டும் சொல்லுங்க," என்றார். நான் லொறிக்குப் பின்னால் கை நீட்டினேன். இராமையா சக்கரத்துக்கு முட்டுக்கொடுத்தபடி நின்றுகொண்டிருந்தார்.

11.11.1962, ஞாயிறு

மழை. கம்பம் நடுகிற குழியெல்லாம் கிணறு. என்றாலும் வயர் பாதி ஊருக்கு வந்துவிட்டது.

கடைசிக் கம்பத்தைக் கணக்குப் பார்க்கும்போது இராமையா, "ஆத்துக்கு இந்தப் பக்கத்தோட நிறுத்திக்கிடலாங்க," என்றார். ஆற்றுக்கு அந்தப் பக்கம், அந்தக் காலத்தில் இந்தியாவில் இருந்து வந்த தோட்டத்து ஆட்களின் நாலு லயக் காம்பரா இருக்கிறது. ஒன்று அவருடையது.

"ஏன் நிறுத்தணும்? நாலும் நூத்திப் பன்னெண்டுக்குள்ள இருக்கே."

"எங்களுக்கு வோட்டு இல்லீங்களே சேர்மன். பெரஜாவுரிம இல்லாதவனுக்குச் சபை வெளக்குப் போட்டா நாளைக்கு யாராச்சும் கேப்பாங்க."

எனக்குக் கோபம் வந்தது. அவர் மேல் இல்லை. யார் மேல் என்றும் சொல்லத் தெரியவில்லை. முப்பது வருஷம் இந்த மலையில் சக்கரம் ஓட்டிய மனுஷன் இந்த ஊருக்கு ஆள் இல்லையாம்.

"இராமையா, விதியில நான் வீடுன்னுதான் எழுதியிருக்கேன். வோட்டுன்னு எழுதல. அடுப்பு எரியுற எடமெல்லாம் வீடு," என்றேன்.

அவர் தலையைத் துடைத்துக்கொண்டு மழையைப் பார்த்தார். பிறகு அடுத்த குழிக்குக் கயிறு பிடித்தார். நாளை நாலு கம்பம் கூட வேண்டும்.

20.01.1963, ஞாயிறு

நோன்புக்கு ஒரு கிழமை இருக்கும்போது.

ஆறு மணிக்கு ஊரே ரோட்டில். மாத்தளை ஐயா வந்து பேசினார், எல்லாவற்றையும் மூன்று தரம். இராமையா தண்ணீரைத் திறந்தார். பல்புகள் சிவப்பாக, பிறகு மஞ்சளாக, பிறகு ஒன்றுமே இல்லை. மர்சூக் மட்டும், "நான் அப்பவே சொன்னேன்," என்றார். அவர் எப்போதும் அப்பவே சொன்னவர்.

இராமையா குழாயின் வாயைக் கழற்றினார். உள்ளே ஒரு ஆற்று நண்டு. கல்யாண வீட்டுக்குக் கூப்பிடாமல் வந்தவர் மாதிரி இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு இருந்தது. அதை எடுத்து ஆற்றில் விட்டுவிட்டு மறுபடி திறந்தார்.

எரிந்தது.

ரோட்டில் நின்று பார்த்தால் வீடுகளின் முன்பக்கம் பாதிக்கு மேல் இருட்டு. ஊரின் முதுகெல்லாம் வெளிச்சம். பொம்பிளைகள் ஒருவரும் ரோட்டில் நிற்கவில்லை. குசினிகளில் இருந்து ஒரே சிரிப்புச் சத்தம். ஆற்றுக்கு அந்தப் பக்கமும் நாலு வெளிச்சம் தெரிந்தது.

வீட்டுக்கு ஓடினேன். குசினிச் சுவர் முழுக்கக் கரி. இத்தனை கரி இருந்ததா? கைறுன்னிஸா பல்புக்கு நேர் கீழே நின்று தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். மணிக்கட்டில் இருந்து முழங்கைவரை சின்னச் சின்னச் சூட்டுத் தழும்பு. பழையதும் புதியதும். பத்தொன்பது வருஷம் அந்தக் கையால் சாப்பிட்டிருக்கிறேன், நான் பார்த்ததில்லை. அழுகை வந்துவிட்டது. புகை என்று சொன்னேன்.

"அடுப்பே பத்தலையே," என்றாள்.

28.01.1963, திங்கள்

விதிப்படி விளக்கு மாலை ஆறில் இருந்து பத்துவரை. நோன்பில் விடியுமுன் நடக்கும் ஸஹர் சமையலைப் பற்றி விதி எழுதிய அறிவாளி யோசிக்கவில்லை. இன்று முதல் நோன்புக்குப் பொம்பிளைகள் குப்பி லாம்பைத் தேடிக்கொண்டிருக்கும்போது விளக்கு தானாக எரிந்தது. இராமையா யாரும் சொல்லாமலே எழுந்து போய்த் திறந்திருக்கிறார். முப்பது நாளும் திறப்பாராம். சபை தீர்மானத்தை நாளை எழுதி முன்தேதி போட வேண்டும்.

கலந்தர் மச்சான் தொழுகைக்குப் போகும் வழியில் பவர்ஹவுஸை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் போகிறார். தினமும். தன்னுடையது இல்லாததை அவர் இவ்வளவு கவனமாகப் பார்த்து நான் கண்டதில்லை.

09.02.1963, சனி

நம் வீட்டு இரண்டாவது விளக்கு மஸீனாவின் படிப்பு மேசைக்குப் போய்விட்டது. விறாந்தையும் ஹோலும் முன்போலவே இருட்டு. அதனால் இந்தக் கொப்பியை இப்போது குசினியில் இருந்துதான் எழுதுகிறேன். வருகிறவர்களும் நேராக இங்கேதான் வந்து பலகையில் உட்காருகிறார்கள். நேற்று மர்சூக் வந்தார். நோன்பு துறந்து, இரண்டு கோப்பைக் கஞ்சி குடித்து, குசினி வெளிச்சமாக இருக்கிறது என்றார்.

சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தாயிற்று. சும்மாதானே இருக்கிறீர்கள், வெளிச்சமும் இருக்கிறது என்று சொல்லி, கைறுன்னிஸா சுளகை என்னிடம் தந்து இரண்டு கிழமை. இப்போது எனக்கு அது கைவந்துவிட்டது. கல்லைக் கண்டால் விட மாட்டேன்.

இன்று ஒன்று தப்பிவிட்டது. கடித்தது அவள். நறுக்கென்று எனக்கே கேட்டது. கல்லை எடுத்து விளக்கில் காட்டிப் பார்த்தாள், என் தட்டின் ஓரத்தில் வைத்தாள், சாப்பாட்டைத் தொடர்ந்தாள்.

சாப்பிட்டுக் கை கழுவிய பிறகு இந்தக் கொப்பியை முன்னால் புரட்டினேன். போன ஜூன் பன்னிரண்டாம் தேதி, கல் கடித்துப் பல் உடைந்த அன்று, கண் இல்லையா என்று நான் அவளிடம் கேட்டது எழுதியிருக்கிறது. அதை அவள் இன்று என்னிடம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.